மோட்டார் வண்டி நூதனசாலையும் மலைநாட்டார் கற்கும் பாடமும்

நூதனசாலை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன கற்சிலைகளும் செப்பேடுகளும் பண்டை மன்னரின் வாளும் முடியுமே. நூற்றைம்பது ஆண்டு வயதும் நிரம்பாத ஒரு பொருளை, அதிலும் எண்ணெய்க் கறையும் புகை நாற்றமும் நீங்காத ஒரு பொருளைத் துடைத்து மெருகிட்டு மண்டபத்துள் நிறுத்திக் காப்பது செல்வரின் விளையாட்டு என எண்ணுவாரும் உளர். ஆயினும் மோட்டார் வண்டிகளுக்கெனத் தனி நூதனசாலைகள் உலகின் பல நாடுகளில் எழுந்துள்ளன. தமிழ்நாட்டிலும் அத்தகையதொன்று உண்டு. கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தாரால் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையம், மோட்டார் வண்டியின் வரலாற்றையும் அதன் தொழில்நுட்ப வளர்ச்சியையும் பொதுமக்களுக்குக் கற்பிப்பதைத் தன் நோக்கமாகக் கொண்டது. அதனை முன்னிறுத்தி, மலைநாட்டு மாணவர் ஒருவர் மோட்டார் வண்டியிடமிருந்து எதனைக் கற்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கோயம்புத்தூர் எங்கே, பொல்பிட்டிய எங்கே என்ற வினா எழலாம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையெனப் பெயர் பெறும் இடத்தை அடுத்த சிற்றூர் பொல்பிட்டிய. அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறும் பெருந்தெரு, இதற்கு அண்மையிலுள்ள கித்துள்கலையைக் கடந்து, கினிகத்தேனையை நோக்கி வளைந்து வளைந்து செல்கின்றது. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பாலம் கித்துள்கலையிற் கட்டப்பெற்றமையால் அவ்வூரின் பெயர் கடல் கடந்தது. பொல்பிட்டியவின் பெயரையோ மின்சாரத் தொழிலில் ஈடுபட்டோரே பெரிதும் அறிவர். அது நிற்க. இப்பகுதியில் வாழ்வோர்க்கு வண்டி என்பது ஓடும் பொருள் மாத்திரமன்று. ஏறும் பொருள், இறங்கும் பொருள். மோட்டார் வண்டியின் பொறியியலிற் பெரும்பகுதி ஏற்றத்திலும் இறக்கத்திலுமே பிறந்தது. நாள்தோறும் லொறியின் முனகலையும் பஸ்ஸின் கியர் மாறும் ஓசையையும் காதாற் கேட்கும் நாம், அவ்வோசையின் பொருளை உணராதிருக்கின்றோம். நின்றுபோன வண்டிகளைக் கொண்ட ஒரு மண்டபம் ஓடும் வண்டிகளின் பொருளை உணர்த்துமாயின், அதனை விளையாட்டென்று தள்ளுதல் தகாது.

முதலில், அந்நூதனசாலைக்குப் பெயர் தந்தவரை அறிதல் வேண்டும். கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் ஊரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பிலே நிலைத்தவரல்லர். ஆசிரியர்க்கு அவராற் பெருமை வந்ததாகவும் தெரியவில்லை. இளமையில் வெள்ளையர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேற் பேராவல் கொண்டார். அத்தகையதொன்றை வாங்குவதற்காகவே கோயம்புத்தூர் உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலையில் அமர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஈற்றில் வாங்கியும் விட்டார். வாங்கியவர் முதலிற் செய்த காரியம் அதனை ஆணி ஆணியாகக் கழற்றியதே. கழற்றியதைத் திரும்பப் பூட்டினார், பூட்டியது ஓடியது. அவர் கற்ற பொறியியற் கல்லூரி அதுவே.

1920ஆம் ஆண்டில், கோயம்புத்தூரிற் புகழ்பெற்ற சேர் றொபேட் ஸ்ரேன்ஸ் துரையின் கடனுதவியுடன் ஒரு பஸ் வண்டியை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே சாரதியாக அமர்ந்து ஓட்டினார். அந்த ஒரு வண்டி யுனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்து, அந்நாளைத் தென்னிந்தியாவின் சிறந்த பஸ் சேவைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. பின்னர் அவர் கருத்து பொறிகளை ஆக்குவதிற் சென்றது. 1937இல், டி. பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் சேர்ந்து, இந்தியாவிலேயே மின்மோட்டாரை ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார். முகம் மழிக்கும் மின்கருவி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி எனப் பலவற்றை அவர் செய்தார். 1952இல் இருவர் அமரத்தக்க சிறு கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாவுக்கு விற்கத்தக்கதாக ஆக்கியும், அரசாங்க அனுமதி கிட்டாமையால் அம்முயற்சி கைகூடவில்லை. 1945இற் கோயம்புத்தூரிற் பொறியியற் கல்வி நிலையங்கள் தோன்ற உதவியவரும் அவரே. பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு மிகை, இரண்டாண்டு போதும் என்பது அவர் வாதம். கல்லூரி மலரொன்றில் இதனை எழுதுகையில் எமக்குச் சிறிது தயக்கமே. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அவர் 1974இற் காலமானார்.

இத்தகையவரின் வழிவந்தோர் அமைத்த நூதனசாலை, வண்டிகளை அரசர் ஏறியவை, நடிகர் ஏறியவை என்று மாத்திரம் காட்டி நின்றுவிடின், அவர் நினைவுக்கு அது ஏற்றதாகாது. வண்டியை எண்ணியவர், வரைந்தவர், ஆக்கியவர் ஆகியோரை முன்வைப்பதே முறை. மோட்டார் வண்டி நூதனசாலைகள் இருவகைப்படும் என்பது எம் கருத்து. பளபளப்பைக் கண்டு வியந்து மீளச் செய்வது ஒருவகை. பொறியை வெட்டித் திறந்து, உள்ளே உருளையும் உந்துதண்டும் அசையுமாறு காட்டி, 'இஃது ஏன் இவ்வாறு?' என்று வினவச் செய்வது மற்றொருவகை. இரண்டாம் வகையே கல்வி நிலையம் எனத் தகும்.

அவ்வாறு வினவத் தொடங்குவோர்க்கு ஏற்ற முதல் வண்டி, கார்ள் பென்ஸ் என்னும் ஜேர்மானியரின் மூன்று சில்லு வண்டியாகும். அதன் மாதிரியொன்று கோயம்புத்தூரில் உண்டு. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. ஓர் உருளை, முக்கால் குதிரைவலு, மணிக்கு 16 கிலோமீற்றர் வேகம். நம் தோட்டங்களிற் புல்வெட்டும் பொறி அதனினும் வலியது. ஆனால் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என நிக்கொலஸ் ஒட்டோ 1876இல் நிலைநாட்டிய நான்கு வீச்சுக்களே அதனுள்ளும் நிகழ்ந்தன. இன்றைய பெற்றோல் வண்டியுள்ளும் அவையே நிகழ்கின்றன.

பென்ஸ் வண்டியை ஆக்கினார். அதனை நம்பியவர் அவர் மனைவி. 1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாட் காலை, பேர்த்தா பென்ஸ் அம்மையார் கணவரிடம் சொல்லாமலே தம் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து தம் தாயார் வாழ்ந்த போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீற்றருக்குச் சிறிது மேல். அதற்குமுன் எவரும் மோட்டார் வண்டியில் அத்துணை தூரம் சென்றதில்லை. வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையிற் கறை நீக்கும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைபட்டபோது தொப்பியூசியாற் குத்தித் திறந்தார். மின்கம்பி தேய்ந்தபோது காலுறை நாடாவைச் சுற்றிக் காப்பிட்டார். பிறேக்கின் மரக்கட்டை தேய்ந்தபோது சக்கிலியர் ஒருவரைக் கொண்டு தோல் அறைவித்தார். பிறேக்குக்கு உறையிடும் வழக்கத்தை அன்றே தொடங்கிவைத்தவர் ஒரு தாயும் ஒரு செருப்புத் தைப்பவரும் என்க.

இவை யாவினும் நம்மவர் கருதவேண்டியது வேறொன்று. மேடு கண்ட இடத்தில் வண்டி ஏற மறுத்தது. மைந்தர் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. வீடு திரும்பிய அம்மையார் கணவரிடம் வேண்டியது, ஏற்றத்துக்கென மற்றுமொரு தாழ்ந்த கியர். சிறு வலுவுடைய பொறி பெரும் பாரத்தை மேலேற்ற வேண்டுமாயின், வேகத்தை இழந்து விசையைப் பெறல் வேண்டும். நெம்புகோலின் விதி இதுவே. தோட்டத்திற் கல்லைப் புரட்ட அலவாங்கை நீளப் பிடிப்பவர் இதனை ஏட்டிற் படித்தாரல்லர். கினிகத்தேனை வளைவுகளில் லொறிச் சாரதி கியரைத் தாழ்த்தும்போதெல்லாம், 1888இல் ஜேர்மானியச் சிறு குன்றொன்றிற் பிறந்த அறிவு நம் செவியில் ஒலிக்கின்றது.

அடுத்துக் காணத்தக்கது அமெரிக்க நாட்டுப் போர்ட் 'ரி' வண்டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது ஆக்கப்பட்டது. 1913இல் நகரும் பட்டியில் வண்டிகளைப் பூட்டும் முறையை ஹென்றி போர்ட் தொடங்கியபின், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டொலராக இருந்த விலை, 1925 அளவில் 260 டொலராக இறங்கிற்று. செல்வருக்கே உரியதென்றிருந்த வண்டி உழவர் வீட்டு முற்றத்துக்கும் வந்தது. தொழிலாளி ஒருவன் நாள்முழுதும் ஒரே ஆணியை முறுக்கும் துன்பமும் அதனோடு வந்தது. நூதனசாலைகள் முதலாவதைச் சொல்லும் அளவுக்கு இரண்டாவதைச் சொல்வதில்லை.

இவ்வண்டியிலும் மலைநாட்டார்க்கென ஒரு செய்தி உண்டு. அதன் பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்தின் கீழே இருந்தது. பெற்றோலைத் தள்ளிச்செல்லும் பம்பு கிடையாது. உயரத்திலிருந்து தாழ்வுக்குத் தானே வழிந்து பொறியை அடையவேண்டும். தாங்கியிற் பெற்றோல் குறைந்திருக்கச் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி முகத்தை உயர்த்தினால், பொறி தாங்கியினும் மேலாகிவிடும். பெற்றோல் செல்லாது, பொறி அணையும். அக்காலச் சாரதிகள் கண்ட வழி யாதெனின், வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேறுதல். பார்ப்போர்க்கு நகைப்பாயினும் பௌதிகத்துக்கு முற்றும் இசைந்த செயல் அது. மண்டபத்தில் நிற்கும் அவ்வண்டியின் ஆசனத்தைத் தூக்கித் தாங்கியைக் காட்டினாற் போதும். நீர்மம் தன் மட்டத்தை நாடும் என்னும் பாடத்தை மாணவர் மறவார்.

வண்டியின் முன்னே தொங்கும் சுழற்று கைப்பிடியையும் கடந்து செல்லலாகாது. பொறியைத் தொடக்க அதனைச் சுழற்ற வேண்டும். தவறிப் பின்வெடித்தால் மணிக்கட்டு முறியும். சாள்ஸ் கெற்றரிங் என்பார் வகுத்த மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலக் வண்டியில் வந்தபின் அத்துன்பம் குறையத் தொடங்கியது. ஆயினும் லொறிகளிற் கைப்பிடி நெடுங்காலம் நிலைத்தது. குளிர்ந்த விடியலிற் கைப்பிடி சுழற்றிய கிளீனர்களைப் பற்றி நம் மூத்தோர் பலரும் அறிவர்.

மலையேறும் வண்டி ஏன் கொதிக்கின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. தாழ்ந்த கியரிற் பொறி விரைந்து சுழல்கின்றது. வண்டியோ மெல்லச் செல்கின்றது. முகத்திற் படும் காற்றுப் போதாது. இது ஒரு காரணம். மற்றொன்று மலையினதே. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் நூறு பாகையிலன்றி ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு பாகையிற் கொதித்துவிடும். அமுக்கம் தாங்கும் மூடி இல்லாத பழைய றேடியேற்றர்களில் நீர் முன்னதாகவே பொங்கியதில் வியப்பில்லை. தெருவோரப் பீலிகளில் லொறிகள் நின்று நீர் கொண்டமைக்கு இதுவே ஏது. அத்துடன், அவ்வுயரத்தில் காற்றின் செறிவு கடல் மட்டத்தினும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. பொறிக்கு மூச்சு குறைந்தால் வலுவும் குறையும். கொழும்பிற் கம்பீரமாக நின்ற கார் இராம்பொடைக்கு மேல் இளைத்தது உற்பத்தியாளரின் பிழையன்று. நுவரெலியா மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி, இந்த இளைப்பை வென்றவர் யாரெனக் காண்பதற்கென்றே எழுந்தது எனலாம்.

ஏற்றத்தினும் இறக்கம் அரியது. இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஹற்றனுக்கும் கித்துள்கலைக்கும் இடையே உயர வேறுபாடு 1,000 மீற்றருக்கு மேல். ஐந்து தொன் நிறையுள்ள லொறியொன்று 1,000 மீற்றர் இறங்கினால் அது விடும் சத்தி ஏறத்தாழ 490 இலட்சம் யூல். அதாவது, இருபது பாகையிலுள்ள 146 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். காற்றும் உராய்வும் ஒரு பங்கை உண்ணும். எஞ்சியது அனைத்தும் எங்கே செல்லும்? பிறேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அந்த வெப்பம் முழுதும் நான்கு சில்லுகளின் உள்ளே சிறியதோர் இடத்திற் சேரும். உறை கருகும், பிறேக்கு வழுக்கும், மேலும் மிதித்தும் பயனிராது. ஆதலினாற்றான், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் இளையோர்க்குச் சொல்லிவந்தனர். தாழ்ந்த கியரில் இறங்கும்போது சில்லே பொறியைச் சுழற்றுகின்றது. பொறி தன்னுட் காற்றை இழுத்தும் அமுக்கியும் வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றது. திருவள்ளுவர் அச்சாணியை உவமையாக்கினார். மயிலிறகும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்றார். பிறேக்கைப் பற்றிப் பாட அவர்க்கு மலைத்தெரு வாய்க்கவில்லை.

இவ்விடத்திற் பொல்பிட்டிய தானாகவே நினைவுக்கு வரும். 1950இல் லக்சபான முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் வழியே களனியின் கிளையாறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்கள் எழுந்தன. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளால் நாட்டுக்கு மின்சாரம் வழங்கலாம் என்பதை 1918ஆம் ஆண்டளவிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் கனவு அவ்வாறு நனவாயிற்று. பொல்பிட்டிய நிலையம் 1969இல் 75 மெகாவற்று வலுவுடன் இணைந்தது. அங்கு நிகழ்வது யாது? உயரத்திலிருந்து விழும் நீரின் சத்தி, வெப்பமாக வீணாகாமல், சுழலியைச் சுற்றி மின்னாகின்றது. பிறேக்கிற் கருகிப்போன சத்தியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. பிடிப்பார் இல்லாமையாற் கருகியது.

இன்று அதனைப் பிடிக்கும் வண்டி வந்துள்ளது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வண்டி இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், மின்வண்டிகள் நம் தெருக்களிற் பெருகத் தொடங்கியுள்ளன. மின்வண்டி இறங்கும்போது அதன் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிக் கலத்தை நிரப்புகின்றது. ஆயிரத்தைந்நூறு கிலோகிராம் வண்டி ஆயிரம் மீற்றர் இறங்கின், இழப்புக்களைக் கழிப்பதற்கு முன் நான்கு அலகு மின்சாரம் அதில் உண்டு. பொல்பிட்டிய மின்நிலையத்தின் பேரப்பிள்ளை ஒன்று நான்கு சில்லுகளில் ஓடுகின்றது எனலாம். 2022இற் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நம் மக்களுக்கு இதன் சுவையை விரித்துரைத்தல் வேண்டா.

மின்வண்டி நேற்றுப் பிறந்த புதுமை என்று எண்ணுவோரையும் நூதனசாலை திருத்தும். 1899 ஏப்பிரலில், பாரிஸ் நகரை அடுத்த தெருவொன்றில், கமில் ஜெனற்சி என்னும் பெல்ஜியர் மணிக்கு நூறு கிலோமீற்றர் என்னும் எல்லையை முதன்முதலிற் கடந்தது மின்வண்டியிலேதான். அந்நாளில் நீராவி வண்டி, மின்வண்டி, பெற்றோல் வண்டி மூன்றும் சமமாகப் போட்டியிட்டன. மின்கலம் கனத்தது, பெற்றோல் மலிந்தது, மின்தொடக்கி வந்து கைப்பிடித் துன்பத்தையும் தீர்த்தது. பெற்றோல் வென்றது. மின்தொடக்கி என்னும் சிறு மின்மோட்டாரே மின்வண்டியை வீழ்த்த உதவியது என்பது வரலாற்றின் குறும்பு.

வண்டியைப் பற்றி இதுவரை சொன்னோம். வண்டி ஓடத் தெரு வேண்டும். தெருவை அமைக்க ஆள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேஜர் தோமஸ் ஸ்கின்னரின் மேற்பார்வையில் இலங்கைத் தெருக்கள் விரிந்தன என்று நூல்கள் கூறும். அவர் பெருமை குறைத்தற்குரியதன்று. ஆயினும் கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை வரை நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர், வழியிலேயே நோயால் மடிந்தனர். எஞ்சியோர் தோட்டம் வெட்டினர், தெருவும் புகையிரதப் பாதையும் அமைத்தனர். 1867இற் கண்டியை அடைந்த புகையிரதம் 1885இல் நானுஓயாவைத் தொட்டது. பின்னர் மோட்டார் வந்தது. தெருவை வெட்டியவர் நடந்து சென்றார். துரை காரிற் சென்றார். தேயிலைப் பெட்டி லொறியேறிச் சென்றபின்னரும், பெட்டியைச் சுமந்து ஏற்றியவர் நெடுங்காலம் நடந்தே சென்றார். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியதன் பின்னரே, தோட்டங்களை அண்டிய பல தெருக்களிற் பஸ் என்பது எல்லார்க்கும் உரிய பொருள் என்ற எண்ணம் வேரூன்றியது.

இவ்வரலாறு எந்நூதனசாலையில் உண்டு என்று கேட்டல் முறையே. இங்கிலாந்தில் மொண்டேகு பிரபு, மோட்டார் வண்டிக்காகப் பாராளுமன்றத்திற் போராடிய தம் தந்தையின் நினைவாக 1952இல் ஐந்து பழைய வண்டிகளைத் தம் மாளிகை முன்மண்டபத்தில் நிறுத்தித் தொடங்கியதே போலியு நூதனசாலை. இருபது ஆண்டுகளில் அது அந்நாட்டின் தேசிய மோட்டார் நூதனசாலையாயிற்று. ஐந்து வண்டிகள் போதியனவாயின என்பதைக் குறித்துக்கொள்க. நம் மலைநாட்டிலும் முன்மாதிரிகள் உள. ஹந்தானையிற் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று தேயிலை நூதனசாலையாகப் புத்துயிர் பெற்றது. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் புகையிரத நூதனசாலை திறக்கப்பெற்றது. அங்கேயே கண்டி வீதியிற் பழைய தெருவுருளைகளும் தெருவமைக்கும் கருவிகளும் காட்சிக்கு வைக்கப்பெற்ற பெருந்தெரு நூதனசாலையும் உண்டு. தேயிலைக்கு ஒன்று, புகையிரதத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. கொழுந்து ஏற்றிய தோட்ட லொறியும், தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியும், மின்நிலையப் பொறிகளை அங்குலம் அங்குலமாக மலைக்குக் கொண்டுவந்த பார வண்டியும் இவ்வரிசையில் இடம்பெறத் தக்கன.

இந்நாடு ஒருவகையில் தானே ஒரு நடமாடும் நூதனசாலையாக இருந்தது. 1960களிலிருந்து 1977 வரை இறக்குமதிக்கு இருந்த கடுங்கட்டுப்பாட்டால், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் பிற நாடுகளில் மறைந்தபின்னரும் நம் தெருக்களில் ஓடின. பாகம் கிடையாதபோது கராஜ்காரர் பாகத்தைத் தாமே கடைந்து செய்தனர். அக்கைத்திறன் எத்துணைச் சிறந்ததெனின், 1990களில் மொறிஸ் மைனரின் உடற்றகடுகளை இலங்கையிற் செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினர். ஆனால் ஓடாதுபோன வண்டி எடைக்கணக்கிற் பழைய இரும்புக்குப் போகின்றது. இரும்பு போவது ஒரு நட்டம். அதனை ஓட்டியவரும் திருத்தியவரும் சொல்லாமலே போய்விடுவது அதனினும் பெரிய நட்டம். எந்த வளைவில் எந்தக் கியர், மழைநாளில் எந்த இடத்தில் மண் சரியும், பீலி வற்றிய மாதத்தில் றேடியேற்றருக்கு எங்கே நீர், ஆயுத பூசை நாளில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்ட லொறிக்குத் தோட்டத்தார் இட்ட பெயர் என்ன என்பவை எந்த ஏட்டிலும் எழுதப்பெறவில்லை.

மாளிகையும் மண்டபமும் கட்ட நம் பழைய மாணவர் சங்கத்தாற் கூடுமோ என்பது வேறு விடயம்; அதனை நிர்வாகக் குழுவினர் ஆராய்வாராக. இவ்விழா ஆண்டின் கல்லூரிக் கண்காட்சியில் ஒரு மேசை கிடைத்தாற் போதும். கராஜ்களிற் கிடக்கும் பழைய பொறியொன்றை வாங்கி, உருளையின் பக்கத்தை அறுத்துத் திறந்து, உள்ளே நான்கு வீச்சுக்களும் தெரியக் கையாற் சுழற்றுமாறு அமைக்கலாம். பௌதிக ஆசிரியரும் தொழில்நுட்ப மாணவரும் ஒரு தவணையில் முடிக்கத்தக்க வேலையே. பக்கத்தில் ஒரு கியர்ப்பெட்டி, கருகிய பிறேக்கு உறை ஒன்று, மூடியுடன் பழைய றேடியேற்றர் ஒன்று. மேசைக்குப் பின்னே ஒரு நாற்காலி இட்டு, ஓய்வுபெற்ற தோட்ட லொறிச் சாரதி ஒருவரை மரியாதையுடன் அழைத்து அமர்த்துதல் வேண்டும். வினாக்களை மாணவர் முன்னதாகவே எழுதிவைத்துக் கொள்ளட்டும். அவர் விடையைப் பதிவு செய்யும் கருவி இன்று அவர்கள் சட்டைப்பையிலேயே உள்ளது.